தோழி வேடத்தில் ஓர் அச்சு

பெரியவளுக்கு ஆடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நானே அவர்களோடு சண்டைக்குப் போவேன். கால் சுத்தம், கை சுத்தம், தாளம் இம்மி பிசகாது. ஆனால் தனியாக ஆடத் தெரியாது. அது வேறு விஷயம். ஊருக்கே வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடுகிற சிலருக்குத் தனக்கென்று ஒரு பிடி சமைத்துச் சாப்பிட மனசு வராதில்லையா, அந்த மாதிரி.

அக்காவும் தங்கையும் ஜோடியாகவே ஆடி வந்தவர்கள். சின்னவள் தலைவி, பெரியவள் தோழி. பாட்டு மாறும், உடை மாறும், இது மட்டும் மாறாது. தலைவி அழுவாள், கோபித்துக்கொள்வாள், போனவன் வரவில்லையே என்று மேடையை ரெண்டாக்குவாள். தோழி பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் கையில் ஒரு கைக்குழந்தையைக் கொடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்போது தெரியும்.

சின்னவளுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. நடக்கலாம், மெதுவாகப் படி ஏறலாம், ஆட்டத்தை மட்டும் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாய் திறந்தால் மூடாதவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. மறுநாள் காலையில் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல, "இனிமே நீ தனியாவே ஆடிக்க. என்ன இதுக்குள்ள இழுக்காத" என்றாள். அதன்பிறகு ஒத்திகை அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

புதிதாகக் கட்டிய அரங்கம் ஒன்றில் அக்காளும் தங்கையும் ஆடுவதாக ஏற்கனவே பேசி முடித்திருந்தது. அரங்கத்தின் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். "ஒருத்தரா ஆடினாலும் சரிதான், ஆனா ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பெரியவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இது கைவிட்டுப் போனால் அடுத்து யாரும் கூப்பிடப் போவதில்லை. ஜோடியில் பாதியை எவன் கூப்பிடுவான்? ஒற்றைச் செருப்பை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? தங்கையின் ஆட்டத்தை இடுப்பு நிறுத்திவிட்டது. தன் ஆட்டத்தை இந்த ஒரு சாயங்காலம் நிறுத்திவிடும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பொறுப்பாளர் ஒத்திகை அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒலிப்பதிவைப் போட்டார்கள். தலைவியின் பாட்டு. பெரியவள் முழுசாக ஆடி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்லா இருந்துதுங்க. ஒண்ணு கேக்கலாமா? யாரத் தேடறீங்க?"

"தேடறேனா?"

"உங்க கண்ணு அந்தப் பக்கமே போகுது. நானும் ரெண்டு மூணு தடவ திரும்பிப் பாத்துட்டேன், கதவுகிட்ட யாராவது வந்து நிக்கறாங்களோன்னு."

பெரியவளுக்கு முகம் செத்துவிட்டது. அவர் காட்டிய பக்கம் சின்னவள் நிற்கிற பக்கம். இத்தனை வருடப் பழக்கம், உடம்பு ஆடினாலும் கண் தங்கச்சியைத் தேடிக்கொண்டு போய்விடுகிறது.

"ரெண்டு வாரம் கழிச்சு அரங்கத்துலயே, மேடைல வச்சு ஒரு தடவ பாக்கறேன்" என்றார் அவர், எழுந்துகொண்டே. "அப்பவும் சரியா வரலன்னா வேற குழுவுக்குக் குடுக்க வேண்டியிருக்கும். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க அவர் மேல் என்ன இருக்கிறது?

பெரியவள் அங்கிருந்து நேராக அண்ணியின் பட்டறைக்குப் போனாள். அண்ணி என்றால் இவர்களுடைய ஒரே அண்ணனின் மனைவி. சிற்பக்காரி. கல்லூரியில் முறையாகப் படித்தவள். களிமண்ணைக் கையில் எடுத்தால் அதை ஆளாக்கிப் பேசவைத்துவிடுவாள். ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதனால் துணிக்கடைகளுக்குப் பொம்மை செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்குள் நுழைந்தால் ஒரு தட்டு முழுக்கத் தலைகள், ஒரு பீப்பாய் முழுக்கக் கைகள். மூலையில் இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு வரிசை நிற்கும். புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோவார்கள். பெரியவளுக்குப் பழகிப்போனது. ஒரு முண்டத்தை நகர்த்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, நடந்ததைக் கொட்டினாள்.

அண்ணி கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "தேடற எடத்துல அவளையே நிக்க வச்சிட்டா?"

"அவ வரமாட்டா அண்ணி."

"நான் அவளச் சொல்லல. செஞ்சு வைக்கறேன். தோழியா ஒரு உருவம், மேடைக்கு ஏத்த மாதிரி பெருசா. உன் கண்ணு போய் நிக்க ஒரு எடம் கெடைக்கும் இல்ல?"

பெரியவளுக்கு உயிர் வந்தது.

சின்னவளைச் சம்மதிக்க வைத்தது ஒரு தனிக் கதை. "ஆட்டந்தான் போச்சு, இப்ப என்னக் கடை வாசல்ல நிக்கற பொம்மையும் ஆக்கணுமா?" என்று எகிறினாள். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் அண்ணி. அண்ணி கேட்டு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து பட்டறை மேசையில் மல்லாந்து படுத்தாள்.

அண்ணி அவள் முகம் முழுக்க வாஸ்லைன் தடவி, புருவத்தில் ரெண்டு மடங்கு தடவி, ஈரமாக்கிய பிளாஸ்டர் துணியைத் துண்டு துண்டாக ஒட்டினாள். மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டாள். "இது இறுகற வரைக்கும் சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, முகத்த அசைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போனாள். சின்னவள் வாயைக் கட்டிப்போட்ட முதல் ஆள் என்று அண்ணியின் பெயரை எங்காவது பொறித்து வைக்கலாம்.

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி பதில் பேச முடியாமல் படுத்திருக்கிற நேரம் வாழ்க்கையில் இன்னொரு முறை கிடைக்குமா?

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள். "ஆடறதுக்குப் பயமில்ல. என்னப் பாக்கறாங்களேன்னு பயம். நீ முன்னாடி நின்ன வரைக்கும் எல்லாரும் உன்னத்தான் பாத்தாங்க, நானும் உன்னத்தான் பாத்தேன். நல்லா இருந்துது. இப்ப திடீர்னு எல்லாரும் என்னப் பாத்தா நான் எங்க போவேன்?"

வெள்ளை முகம் அசையவில்லை. மூக்குத் துவாரம் வழியாக மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அண்ணி வந்து விளிம்பில் விரல் விட்டு நெம்பி எடுத்தாள். சின்னவள் எழுந்து உட்கார்ந்து, கன்னத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.

"மூக்கு அரிச்சுத் தொலைச்சுது" என்றாள். அவ்வளவுதான். அக்காள் சொன்னதைக் காதில் வாங்கினாளா, இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

அண்ணி அந்த அளவை வைத்துக்கொண்டு, ஆளைப்போல ரெண்டு மடங்கில் களிமண்ணில் தலையும் தோளும் பிடித்தாள். சாப்பாடு தண்ணி இல்லாமல் வேலை செய்தாள் என்றால் பொய்யாகிவிடும், நன்றாகவே சாப்பிட்டாள்; ஆனால் துணிக்கடைக்காரர் போன் செய்தபோது எடுக்கவில்லை. மண் முகத்தின் மேல் பிளாஸ்டரை ஊற்றி அச்செடுத்து, அச்சுக்குள் ஃபைபர் பூசி, பெயர்த்து, தேய்த்து, நிறம் கொடுத்தாள். அச்சு அசல் சின்னவள். மூக்கின் நுனியில் அந்தத் திமிர்கூட இருந்தது.

அரங்கத்தில் விளக்கு வேலை பார்ப்பது அண்ணன். அதனால் ஒரு பிற்பகல், மேடை காலியாக இருந்தபோது, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பீடத்தோடு சிலையை இறக்கி, சின்னவள் நிற்கிற பக்கத்தில் வைத்தார்கள். வண்டியை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால், அவசரத்தில் சிலையோடு சேர்ந்து ஏறிவிட்ட பிளாஸ்டர் அச்சையும் இறக்கி, மேடையின் பின்னால் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள்.

பெரியவள் ஆடினாள். அண்ணனும் அண்ணியும் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள். பாதிப் பாட்டில் அண்ணன் மெதுவாக மனைவி பக்கம் சாய்ந்தான். "பஸ்ஸுக்கு நிக்கற ரெண்டு பேர் மாதிரி இருக்கு."

"எனக்கும் தெரியுது. சும்மா இருங்க."

"ஒருத்தி பொலம்பறா, இன்னொருத்தி பஸ் வருதான்னு பாக்கறா."

மேடையில் நின்ற பெரியவளுக்கு அது காதில் விழவில்லை, விழவும் வேண்டாம். அவளுக்கே தெரிந்துவிட்டது. கண் போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது, உண்மைதான். ஆனால் போன கண் அங்கேயே செத்து விழுந்தது. இவள் இந்தக் கோடிக்கு ஓடினாலும் சரி, அந்தக் கோடிக்கு ஓடினாலும் சரி, சிலை எதிரே இருக்கிற நாற்காலிகளையே வெறித்துக்கொண்டிருந்தது. தோழி அப்படியா இருப்பாள்? நீ எங்கே போகிறாய், என்ன செய்யப் போகிறாய் என்று கண்ணாலேயே பின்னால் வர வேண்டாமா? பெரியவள் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி முகம் இருண்டு போனது. இவ்வளவு நன்றாகச் செய்த ஒன்று இவ்வளவு உதவாமல் போகும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அண்ணன் விளக்குகளை அணைக்க மேலே வந்தான். தரையில் வைத்திருந்த விளக்கு ஒன்று, பின்னால் அச்சு இருந்த நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தது. அதை எடுக்கப் போனவன் நின்றான். ரெண்டு அடி இந்தப் பக்கம் வைத்தான். ரெண்டு அடி அந்தப் பக்கம் வைத்தான்.

"யாரு இத இங்க வச்சது?"

"எத?"

"சின்னவ தலைய. அந்தச் சிலை அங்க இருக்கு, இது இன்னொண்ணா? நான் போற எடமெல்லாம் திரும்புது. யாரோ பின்னாடி இருந்து திருப்பறீங்க. வெளையாடாதீங்க, எனக்கு ஏற்கனவே வயிறு சரியில்ல."

பெரியவள் எழுந்து போய்ப் பார்த்தாள். இருட்டில், நாற்காலியில் சின்னவளின் பெரிய முகம் இருந்தது. வெள்ளையாக, முன்னால் துருத்திக்கொண்டு, உயிரோடு. பெரியவள் இடது பக்கம் நகர்ந்தாள். முகம் அவளைப் பார்த்துக்கொண்டே திரும்பியது. வலது பக்கம் வந்தாள். முகமும் வந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அண்ணி மட்டும் சிரித்தாள். "அது சிலை இல்லங்க. அச்சு. உள்பக்கம் குழி. கிட்டப் போய்க் கைய வச்சுப் பாருங்க."

அண்ணன் கையை நீட்டினான். மூக்கைத் தொடப் போன விரல், மூக்கு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கிட்டே போனதும் குட்டு வெளிப்பட்டது: மூக்கு ஒரு பள்ளம், கன்னம் ரெண்டு கிண்ணம். நாலு அடி பின்னால் வந்தால் மறுபடி முழு முகம்.

"கீழ இருந்து வெளிச்சம் விழுந்தா குழி மேடாத் தெரியும்" என்றாள் அண்ணி. "முகம்னா துருத்திக்கிட்டுத்தான் இருக்கும்னு நம்ம கண்ணு அடம் புடிக்கும். நீங்க நகந்தா அதுவும் திரும்பற மாதிரி இருக்கும். பட்டறைல எல்லா அச்சும் இப்படித்தான் மொறைக்கும். அதுக்குத்தானே துணி போத்தி வைக்கறேன்."

"இத்தன வருஷமா இத ஏன் சொல்லல?" என்று கேட்டாள் பெரியவள்.

"சொல்ல என்ன இருக்கு? அச்சுன்னா வேல முடிஞ்சதும் ஓரமாத் தள்ளற சாமான்."

பெரியவள் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலை அழகாக இருந்தது, யாரையும் பார்க்கவில்லை. இது அழகென்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் பள்ளம். ஆனால் ஆளை விடமாட்டேன் என்கிறது. "அண்ணி, இதுதான் தோழி" என்றாள்.

சிலையை இறக்கிவிட்டு அச்சைப் பீடத்தில் ஏற்றினார்கள். சுற்றிலும் கறுப்புத் துணி கட்டினார்கள். ஆனந்தம் பத்து நிமிடங்கூடத் தாங்கவில்லை. அண்ணன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடக்க, பெரியவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அச்சு அவனைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தது. பார்க்கிறவர் நகர்ந்தால்தான் அது திரும்பும். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதுவும் சும்மா இருக்கும். சனங்களை எழுப்பிவிட்டு, கொஞ்சம் நடந்துகொண்டே பாருங்கள் என்று சொல்ல முடியுமா?

"அப்ப நாமதான் அதத் திருப்பணும்" என்றாள் அண்ணி. மண் வேலை செய்யும்போது உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க அவளிடம் ஒரு சுழல் பலகை உண்டு. மறுநாள் அதைக் கொண்டுவந்து, அச்சை அதன்மேல் உட்கார வைத்தாள். பின்னால் ஒரு முக்காலி, கறுப்புத் துணியில் பார்ப்பதற்கு ஒரு கிழிசல். உட்கார்ந்து, பெரியவளைப் பார்த்துப் பார்த்துப் பலகையைத் திருப்பினாள். அண்ணிக்குக் கண் உண்டு, கை உண்டு. ஆனால் ஆட்டம் தெரியாது. பெரியவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் எங்கே போனாள் என்று அண்ணிக்குத் தெரியும். கூப்பிட்டபோது பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் "என்ன?" என்று கேட்கிற தோழி போல ஆகிவிட்டது.

இந்த ஆட்டம் எலும்பில் ஊறிய ஆள் வேறு ஒருத்திதான் இருந்தாள்.

பெரியவள் அன்று சாயங்காலம் தங்கையின் அறைக்குப் போனாள். சின்னவள் காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆக, ஆடின மேடைலயே திரைக்குப் பின்னாடி உக்காந்து சக்கரம் சுத்தணும். என் மூஞ்சிய வேற. நல்லா இருக்குடீ அக்கா."

"ஆமா. அதத்தான் கேக்கறேன்."

"முடியாது."

"ஏன்?"

"ஏன்னா? தலைவியா நின்னவ நான். இப்ப உனக்குத் தொண்டு செய்யச் சொல்ற."

பெரியவள் சட்டென்று கோபப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. நல்லவேளை வந்தது. "அப்ப நான் இத்தன வருஷம் உன் பக்கத்துல நின்னேனே, அது என்ன? தொண்டா? உனக்கு விசிறி வீசிட்டு இருந்தேன்னா நெனச்ச? நானும் ஆடிட்டுத்தான்டி இருந்தேன்."

சின்னவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பெரியவள் அதற்கு மேல் நிற்கவில்லை.

பொறுப்பாளர் பார்க்க வருகிற நாள் வந்தது. அவர் அரங்கத்தின் நடு வரிசையில் உட்கார்ந்தார். அண்ணன் தரை விளக்கைப் போட்டான். அண்ணி துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள், மனசுக்குள் என்னென்ன வேண்டிக்கொண்டாளோ தெரியாது. பாட்டு தொடங்கியது. பெரியவள் ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கறுப்புத் துணிக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பு கேட்டது.

"தள்ளுங்க அண்ணி."

"நீ எப்படி வந்த?"

"ஆட்டோல. தள்ளுங்கன்னா. பாட்டு ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க. பாக்க முடியல."

பெரியவளின் கால் ஒரு கணம் தடுமாறி, தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அண்ணி ஓரமாக இறங்கிப் போய்ப் பொறுப்பாளருக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தாள். தலைவி வலது பக்கம் போய், தோழியிடம் கையேந்திக் கெஞ்சுகிற இடம் வந்தது. சின்னவள் கச்சிதமாக, ஓர் அணுவும் தப்பாமல், பலகையை அக்காள் போன பக்கம் திருப்பினாள். திருப்பியதும் பெரிய வெள்ளை முகம் வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. பெரியவள் இடது பக்கம் வந்தாள். முகம் வலது பக்கம் போய்விட்டது. கெஞ்சக் கெஞ்ச மிஞ்சியது.

பொறுப்பாளர் பின்னால் திரும்பினார். "தோழிக்கு என்ன கோவம்?"

"மாத்திச் சுத்துடி!" என்று அண்ணி இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். "குழி இல்லயா அது? எல்லாம் தலைகீழ். அவ இந்தப் பக்கம் வந்தா நீ அந்தப் பக்கம் திருப்பு!"

"என் மூஞ்சியே எனக்கு அடங்க மாட்டேங்குது" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். பெரியவளுக்கோ அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒலிப்பதிவை முதலிலிருந்து போட்டார்கள்.

இந்த முறை தோழி பார்த்தாள். தலைவி வாசலுக்கு ஓடினால் வாசலைப் பார்த்தாள், சோர்ந்து திரும்பினால் கூடவே திரும்பினாள். பெரியவள் அடி எடுத்து வைக்கும்போதே முகம் கிளம்பியது, ஏனென்றால் அவள் எங்கே அடி வைப்பாள் என்று பின்னால் இருந்தவளுக்கு முன்கூட்டியே தெரியும். பொறுப்பாளர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். மேடையிலிருந்து பார்த்தால் பெரியவளுக்கு அந்த முகம் முகமாகவே தெரியவில்லை. ஒரு வெள்ளைப் பள்ளத்தின் ஓரந்தான் தெரிந்தது. ஆனால் அதற்குக் கீழே, துணியின் கிழிசலில், ரெண்டு கண் தெரிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்த கண்.

அப்போதுதான் பெரியவளுக்கு ஒன்று விளங்கியது. அவள் தேடியது, தான் பார்ப்பதற்கு ஓர் ஆளை என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். தலைவிக்கு வேண்டியது அது இல்லை. தலைவிக்குத் தன்னைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அது இருந்தால் அவள் யாரையும் தேட வேண்டாம், தன் பாட்டைத் தான் பாடலாம். பெரியவளின் கண் அதன் இஷ்டத்துக்கு மேலே போனது, கீழே போனது, சும்மா மூடிக்கூட இருந்தது.

ஆடி முடித்ததும் பொறுப்பாளர் மேடைக்கு ஏறி வந்தார். "இது போதும். ரெண்டு பேர் பேரையும் போடறேன்" என்றார். துணியை விலக்கி எட்டிப் பார்த்து, "இந்தப் பொம்மையத் திருப்பறவங்கன்னு போடட்டுமா?" என்று கேட்டார்.

"தோழின்னு போடுங்க" என்றாள் சின்னவள்.

நிகழ்ச்சி அன்று அரங்கம் நிறைந்திருந்தது. பாட்டில் ஓர் இடம் உண்டு. போனவனைத் திட்டித் தீர்த்த தலைவி, கடைசியில் உண்மையைச் சொல்கிற இடம்: அவர் தானாகப் போகவில்லை, போய்விடு என்று நான்தான் சொன்னேன். அந்த வரியில் சின்னவள் எப்போதும் மேடையின் முன்விளிம்புக்கு வந்து, தோழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சனங்களைப் பார்த்து நிற்பாள். பின்னால் தோழியாக நின்ற பெரியவள், அந்த ஒரு வரிக்கு மட்டும், தலைவியிடமிருந்து பார்வையை எடுத்துப் பக்கவாட்டில் வைத்துக்கொள்வாள். அப்படிச் செய் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருத்தி வெட்கத்தைவிட்டுச் சொல்லும்போது வெறிக்க வெறிக்கப் பார்க்கக் கூடாது என்று அவளாகவே செய்தது. சனங்கள் தலைவியைப் பார்ப்பார்களே தவிர தோழியை யார் பார்க்கப் போகிறார்கள்? தங்கையிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. ஒத்திகைகளிலும் அந்த இடத்தில் அச்சு அவளைப் பார்த்தபடியேதான் இருந்தது. பெரியவளும் அதை மாற்றச் சொல்லவில்லை.

அன்று பெரியவள் முன்விளிம்புக்கு வந்தாள். இப்போது முதுகைக் காட்டி நிற்பது அவளுடைய முறை. நான்தான் சொன்னேன் என்ற வரிக்குக் கை எழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் கண்கள் அவளைத் தாண்டிப் பின்னால் எதையோ பார்த்து, மறுபடி அவளிடம் வந்ததைக் கவனித்தாள். அதே நேரம், முதுகில் இவ்வளவு நேரம் இருந்த ஏதோ ஒன்று எடுபட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டாள்.

பெரியவளுக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. மேடையின் முன்னால், அத்தனை பேருக்கு நடுவில், தன்னந்தனியாக நின்று அழுதாள். அவள் கண் எந்தப் பக்கமும் போகவில்லை. வரி முடிந்து, மூச்சு சமனாகி, அவள் நிமிர்ந்தபோது அந்தப் பார்வை மெதுவாக வந்து மறுபடி முதுகில் உட்கார்ந்தது.

எல்லாம் முடிந்து, கைதட்டி, பொன்னாடை போர்த்தாத குறையாகப் பாராட்டி, சனங்கள் கலைந்தார்கள். ஒப்பனை அறையில் சின்னவள் தோளை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈரப் பிளாஸ்டர் போல அந்த அச்சு கனக்கிறது என்று அண்ணியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி தண்ணீர் எடுத்துவர வெளியே போனதும் பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த எடத்துல ஏன்டி திருப்பின?"

"எந்த எடத்துல?"

"தெரியாத மாதிரி கேக்காத. நான் அப்படித் திரும்பிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு நாள்கூட அதப் பாத்ததில்லயே. உன் முதுகுதானே என் பக்கம் இருக்கும்?"

சின்னவள் தோளை நீவுவதை நிறுத்தினாள்.

"பாக்கல" என்றாள். "ஆனா அந்த எடம் வந்தா மட்டும் முதுகு லேசாயிடும். நீ பாக்கறத நிறுத்திட்டன்னு தெரியும். அப்பதான் எனக்கு அழுகையே வரும். ஒவ்வொரு தடவயும் அப்படித்தான் வந்துது. ஊரே அத என்னமோ பெரிய நடிப்புன்னு சொல்லுச்சு."

பெரியவள் தங்கச்சியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் கை கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு" என்றாள் சின்னவள். "அடுத்த தடவ இன்னும் மெதுவாத் திருப்பறேன்."